'தி லாப்ஸ்டர்' பார்த்தவர்கள் ஏன் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்?

கேள்வி: யோர்கோஸ் லாந்திமோஸ் எடுத்த 'தி லாப்ஸ்டர்' படத்தைச் சிலர் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் அருவருப்போடு பேசுகிறார்கள். மனிதத் தனிமையைப் பற்றிய டார்க் காமெடி என்கிறார்கள். எனக்குச் சில இடங்களில் சிரிப்பு வந்தது, உடனே குற்ற உணர்வும் வந்தது. இரண்டாம் பாதியில் சோர்ந்துவிட்டேன். முடிவும் புரியவில்லை. நான் எதையாவது தவறவிட்டேனா?

பதில்:

இல்லை, நீங்கள் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சிரித்து, சிரித்ததற்காக வெட்கப்பட்டு, பிறகு யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிப்பதுதான் இந்தப் படம் கொடுக்கும் அனுபவம். பிடித்தவர்களுக்கும் இதேதான் நடந்தது. அந்தத் தவிப்பை ஏற்றுக்கொண்டவர்கள் கொண்டாடுகிறார்கள், ஏமாற்றமாக உணர்ந்தவர்கள் கோபப்படுகிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதாக நினைக்கிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணையில்லாமல் வாழ்வது சட்டப்படி குற்றமாக இருக்கும் ஓர் உலகம். மனைவி விட்டுப்போன டேவிட் (காலின் ஃபாரல்) ஒரு ஹோட்டலுக்கு அனுப்பப்படுகிறான். 45 நாட்களுக்குள் துணை தேடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தனக்குப் பிடித்த ஒரு விலங்காக மாற்றப்படுவான். அவன் தேர்ந்தெடுப்பது லாப்ஸ்டர், அதாவது சிங்கிறால். அது நூறு வருடத்துக்கு மேல் வாழும், பிரபுக்களைப் போல அதற்கு நீல ரத்தம், சாகும்வரை இனப்பெருக்கத் திறன் உண்டு என்று காரணம் சொல்கிறான். காட்டில் ஒளிந்து வாழும் 'தனியர்'களை மயக்க ஊசித் துப்பாக்கியால் வேட்டையாடினால், பிடிபடும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். டேவிட்டோடு கூடவே வரும் நாய் பாப் அவனுடைய சொந்த அண்ணன். இதே ஹோட்டலுக்கு வந்து தோற்றவர். இரண்டாம் பாதியில் டேவிட் காட்டுக்குத் தப்பிப் போகிறான். அங்கே சட்டம் நேர் எதிர்: காதலிப்பதும் முத்தமிடுவதும் தண்டனைக்குரியவை. அங்கேதான் அவனுக்குக் காதல் வருகிறது.

2015 கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கிய படம். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. எஃப்திமிஸ் ஃபிலிப்பூவும் லாந்திமோஸும் சேர்ந்து எழுதியது. இயக்குநருக்கு இது முதல் ஆங்கிலப் படம். இந்தப் பெருமைகளால் படம் பிடிக்காதவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை, அது இயல்புதான். விருதுக்குழு ரசிப்பதும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் ரசிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காகச் சொல்கிறது. சமூகத்தைக் கிண்டல் செய்யும் படங்கள் பெரும்பாலும் முதல் வகையில் நிற்பவை. அங்கே இயக்குநரும் நாமும் ஒரு பக்கம் நின்று இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்போம், வசதியான சிரிப்பு அது. 'தி லாப்ஸ்டர்' கடைசி வகையில் நிற்கிறது. சொல்லிக்கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு, என்ன ஆனாலும் விடாமல் பிடித்திருப்பவர்களைப் பார்த்து வரும் சிரிப்பு. மனைவி பிரியும் நேரத்தில் டேவிட் கேட்கும் கேள்வி, அவள் தேடிக்கொண்ட இன்னொருவன் கண்ணாடி போடுகிறவனா, காண்டாக்ட் லென்ஸ் வைக்கிறவனா என்பதுதான். ஏன் என்னை விட்டுப் போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. அந்த உலகத்தில் இரண்டு பேர் சேர்ந்து வாழ ஒரு பொதுக் குறையோ பொதுக் குணமோ இருந்தாக வேண்டும். தன்னிடம் இருக்கும் கிட்டப்பார்வை அவனிடமும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரும். விதி தெரிந்த பிறகு அதே கேள்வி தாங்க முடியாததாகிவிடும்.

ஹோட்டல் காட்சிகள் முழுக்க இப்படித்தான். ஷூ அளவு நாற்பத்து நான்கரை என்கிறான், அரை அளவு கிடையாது என்று பதில் வருகிறது. எது எடுத்தாலும் ஒன்று இது அல்லது அது, நடுவில் எதற்கும் இடமில்லை. முதல் நாள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுகிறார்கள். ஒன்றைவிட இரண்டு எவ்வளவு வசதி என்று புரியவைக்கவாம். தனியாகச் சாப்பிடும் ஆண் தொண்டை அடைத்துச் சாவான், பக்கத்தில் பெண் இருந்தால் பிழைப்பான் என்று மேடையில் நடித்துக் காட்டுகிறார்கள். ஜோடிகளுக்குள் தீர்க்க முடியாத சண்டை வந்தால் குழந்தைகள் ஒதுக்கப்படும், பெரும்பாலும் அதில் சரியாகிவிடும் என்று மேலாளர் (ஒலிவியா கோல்மன்) நல்லெண்ணத்தோடு சொல்கிறார். எல்லோரும் நாயாக மாறத்தான் ஆசைப்படுகிறார்கள், அதனால்தான் உலகம் முழுக்க நாய்கள் என்ற விளக்கமும் அவருடையதுதான். அப்புறம் காட்டுக்காட்சிகளின் பின்புலத்தில் ஒட்டகமும் பூநாரையும் நடந்துபோகும்போது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது.

நடிகர்கள் எல்லோரும் வசனத்தை ஏற்ற இறக்கமில்லாமல் பேசுகிறார்கள். படிவம் நிரப்பும்போது விவரம் சொல்கிற தொனி. 'உயிரில்லாத நடிப்பு' என்று பலர் குறை சொல்வது இதைத்தான். குறையாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஒரு காட்சியில் எப்போது சிரிக்க வேண்டும், எப்போது கலங்க வேண்டும் என்பதை நடிகரின் குரலிலிருந்தும் இசையிலிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறோம். இந்தப் படம் அந்தக் கைப்பிடியை எடுத்துவிடுகிறது. இசை வரும்போதும் பொருத்தமில்லாத இடத்தில், ஷ்னிட்கே, பீத்தோவன் போன்றவர்களின் நரம்பிசை திடீரென்று அறுத்துக்கொண்டு வருகிறது. வேட்டைக் காட்சி மெதுவான அசைவில் அழகாக நகர்கிறது, ஆனால் அங்கே நடப்பது மனிதர்களை மனிதர்கள் அடித்துப் பிடிப்பது. எந்த உணர்ச்சியோடு பார்ப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், ஒரே வரிசையில் உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே காட்சிக்கு எதிரெதிராக எதிர்வினை காட்டுகிறார்கள். ஒருவர் சிரிப்பதைப் பார்த்து மற்றவருக்குக் கோபம் வருகிறது. இந்தப் படத்தைப் பற்றிய வாக்குவாதங்கள் சீக்கிரமே 'நீ எப்படிப்பட்ட ஆள்' என்ற இடத்துக்குப் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு மிகக் கடினமான உதாரணம் பிஸ்கட் பெண்ணின் காட்சி (ஆஷ்லி ஜென்சன்). படத்திலேயே மிகத் தனிமையான மனிதர் அவர்தான் என்பேன். கையில் பிஸ்கட்டோடு டேவிட்டைச் சுற்றிச்சுற்றி வருகிறார். தன் அறைக்கு வரச்சொல்லிக் கெஞ்சுகிறார். யாரும் கிடைக்காவிட்டால் ஜன்னலிலிருந்து குதித்துவிடுவேன் என்று சாதாரணமாகச் சொல்லிவைக்கிறார். ஒருநாள் குதித்தும்விடுகிறார். உடனே சாகவில்லை, தரையில் கிடந்து அலறுகிறார். அந்த அலறல் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்க, டேவிட் 'இரக்கமற்ற பெண்' ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, குதித்தவள் இன்னும் கொஞ்சம் வலியில் துடித்துவிட்டுச் சாகட்டும் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்கிறான். தானும் இரக்கமற்றவன் என்று காட்டினால் இவள் ஜோடியாக ஒத்துக்கொள்வாள் என்பது அவன் கணக்கு.

இங்கே பலருக்குப் படம் கசந்துபோகிறது. சாகிற பெண்ணை வைத்து ஜோக் அடிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நான் இதை வேறுவிதமாகப் படிக்கிறேன். தனிமையில் தவிக்கிற ஒருவன், தன்னைவிட அதிகமாகத் தவிக்கிற ஒருத்தியின் சாவைத் தன் தனிமையிலிருந்து தப்பிக்கும் படிக்கட்டாகப் பயன்படுத்துகிறான். தனிமை மனிதர்களை மென்மையாக்கும், ஒருவரோடு ஒருவரை ஒட்டவைக்கும் என்று நினைக்கத்தான் நமக்கு ஆசை. பயம் அதிகமானால் அது மனிதனை எவ்வளவு கல்நெஞ்சாக்கும் என்பதை இந்தக் காட்சி மறைக்காமல் காட்டுகிறது. இரண்டு தனிமையானவர்கள் சந்தித்து ஆறுதல் அடையும் கதைகள் ஆயிரம் இருக்கின்றன. இரண்டு தனிமையானவர்கள் சந்தித்தும் ஒருவரை ஒருவர் காப்பாற்ற முடியாமல் போகும் கதை அரிது, ஆனால் வாழ்க்கையில் அதிகம் நடப்பது அதுதான்.

நாய் காட்சியைப் பற்றியும் பேசியாக வேண்டும். டேவிட்டின் நடிப்பைச் சந்தேகப்பட்ட அந்த இரக்கமற்ற பெண் அவன் அண்ணனை, அதாவது நாயை, உதைத்தே கொன்றுவிட்டு அதை அமைதியாக அவனிடம் சொல்கிறாள். அவன் அழாமல் இருக்கப் பார்க்கிறான், முடியவில்லை. இதற்கு மேல் பார்க்க முடியாது என்று எழுந்துபோனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விலங்கின் வலியைத் திரையில் காண முடியாதவர்கள் இருக்கிறார்கள், அது ரசனைக் குறைவு ஆகாது. ஒன்றை மட்டும் சொல்வேன்: முதல் ஒரு மணி நேரத்தில் எந்த மனிதருக்காகவும் இவ்வளவு பதறாத நாம், அங்கே ஒரு நாய்க்காகப் பதறுகிறோம். தட்டையாகப் பேசிக்கொண்டிருந்த டேவிட்டும் அங்கேதான் முதல்முறையாக உடைகிறான். பாசாங்கு விலகி உண்மையான உணர்ச்சி வெளியே வருவதற்கு அவ்வளவு பெரிய கொடுமை தேவைப்பட்டிருக்கிறது. இயக்குநர் நம்மையும் அதே நிலைமைக்குத் தள்ளுகிறார். அது நியாயமா என்றால், என்னாலும் தயங்காமல் ஆமாம் சொல்ல முடியாது.

சரி, உங்களைச் சோர்வாக்கிய இரண்டாம் பாதிக்கு வருகிறேன்.

முதல் பாதியில் பெரும்பாலானோர் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். துணை தேடு, துணை தேடு என்று நச்சரிக்கும் சமூகத்தைக் கிண்டல் செய்யும் படம் என்று புரிந்துகொண்டு, தனியாக வாழ்பவர்களின் சார்பாக மனதுக்குள் கைதட்ட ஆரம்பிக்கிறார்கள். டேவிட் காட்டுக்கு ஓடும்போது விடுதலை வந்துவிட்டது என்று தோன்றுகிறது. ஆனால் காட்டின் தலைவி (லியா செய்டூ) இன்னொரு விதிப்புத்தகத்தை நீட்டுகிறார். பேசலாம், காதல் கூடாது. ஒவ்வொருவரும் தனக்கான சவக்குழியைத் தானே தோண்டிவைக்க வேண்டும். நடனம் உண்டு, அவரவர் காதில் அவரவர் ஹெட்ஃபோன், தனித்தனியாக ஆட வேண்டும். முத்தமிட்டவர்களின் உதடுகளை அறுத்துத் தண்டிக்கிறார்கள். இங்கே முதல் பாதியில் கைதட்டியவர்கள் ஏமாந்து போகிறார்கள். படம் தங்கள் பக்கம் இருப்பதாக நினைத்தார்கள், அது யார் பக்கமும் இல்லை.

என் பார்வையில் படத்தின் முழுக் கனமும் இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. தனியாக இருப்பதும் தனிமையில் வாடுவதும் ஒன்றில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். படம் அதற்கு மேலே ஒரு படி போகிறது. துணையும் சரி, துணையின்மையும் சரி, வெளியிலிருந்து சுமத்தப்பட்ட கடமையாகிவிட்டால் இரண்டுமே தனிமைதான் என்கிறது. ஹோட்டலில் கால் நொண்டும் இளைஞன் (பென் விஷா) ஒரு பெண்ணோடு ஜோடி சேர்கிறான். அவளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். இவனுக்கு வராது, ஆகவே யாரும் பார்க்காதபோது மேஜையில் மூக்கை மோதி ரத்தம் வரவைத்துக்கொள்கிறான். அவர்களுக்குக் குழந்தையும் ஒதுக்கிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நிறைவான குடும்பம். அந்த மனிதன் காலம் முழுக்க யாருக்கும் தெரியாமல் தன் மூக்கை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காட்டில் ஹெட்ஃபோனோடு ஆடுகிறவனைவிட இவன் எந்த வகையில் குறைந்த தனியன்? இவர்களுக்கெல்லாம் கடைசிப் பெயர்ப்பட்டியலில்கூட ஒரு பெயர் கிடையாது. 'நொண்டும் மனிதன்', 'கிட்டப்பார்வைப் பெண்' என்று குறையாலேயே குறிக்கப்படுகிறார்கள்.

அதே சமயம், இரண்டாம் பாதியைப் பிடிக்காதவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஹோட்டலில் ஒவ்வொரு காட்சியும் புதிதாக ஒரு விதியைச் சொல்லி நம்மை இழுத்தது. காட்டில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருகிறது, வேகமும் குறைகிறது. தலைவியின் கொடூரத்துக்குப் பின்னால் ஒரு மனுஷி தெரியவே இல்லை. இரக்கமற்ற பெண், தலைவி என்று படத்தின் மிகப் பெரிய இரண்டு கொடுமைகளையும் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு இருவருக்கும் உள்ளே எதையும் வைக்காமல் விட்டது திரைக்கதையின் உண்மையான பலவீனம் என்றே நினைக்கிறேன். இதை ஒத்துக்கொள்ளாமல், பிடிக்காதவர்களுக்குப் படம் புரியவில்லை என்று சொல்லும் ரசிகர்கள்தான் இந்த விவாதத்தைக் கெடுக்கிறார்கள்.

இத்தனை குளிர்ச்சியிலும் படத்தை நான் நேசிப்பதற்குக் காரணம் பின்னணிக்குரல். நடப்பதையே திரும்பச் சொல்லும் தேவையில்லாத வேலை என்று அதைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் குரல் யாருடையது என்று கவனியுங்கள். காட்டில் டேவிட் காதலிக்கும் கிட்டப்பார்வைப் பெண்ணுடையது (ரேச்சல் வைஸ்). அவள் கதைக்குள் வருவதே படம் பாதி ஓடிய பிறகுதான். டேவிட் ஹோட்டலுக்கு வந்தபோது அவள் அங்கே இல்லை. அப்படியென்றால் அவனுடைய ஹோட்டல் நாட்களின் சின்னச்சின்ன விவரங்கள், அவன் என்ன யோசித்தான், எதற்குத் தயங்கினான் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்லியிருக்க வேண்டும். அவள் நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதையும் பிற்பாடு பார்க்கிறோம், தலைவிக்கு விஷயம் தெரிவதே அந்த நாட்குறிப்பால்தான். ஆக நாம் முதல் பாதியாகப் பார்த்தது, ஒருவன் இன்னொருத்தியிடம் மனம் திறந்து சொன்னதை அவள் ஞாபகம் வைத்திருந்து நமக்குச் சொல்வது. யாருமே யாரிடமும் உண்மை பேசாத ஓர் உலகத்தில், எல்லாவற்றையும் சொல்லவும் கேட்கவும் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சைகைகளால் ஒரு தனி மொழியே உருவாக்கிக்கொள்கிறார்கள். தலையை ஒரு பக்கம் திருப்பினால் உன்னை எல்லாவற்றையும்விட அதிகம் நேசிக்கிறேன், மறுபக்கம் திருப்பினால் ஆபத்து. இரண்டும் குழம்பிவிடாமல் இருக்க முதலில் மிகவும் கவனமாக இருந்தோம் என்று அவள் சொல்லும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. இரக்கமே இல்லாத படம் என்று சொல்பவர்களிடம் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

முடிவுக்கு வருவோம். தலைவி அந்தப் பெண்ணின் பார்வையைப் பறித்துவிடுகிறாள். இருவரையும் இணைத்த பொதுக்குறை, கிட்டப்பார்வை, போய்விட்டது. டேவிட் உடனே வேறு ஏதாவது பொதுவாக இருக்கிறதா என்று தேட ஆரம்பிக்கிறான்: ரத்த வகை, பிடித்த பழம், ஜெர்மன் மொழி. எதுவும் ஒத்துவரவில்லை. நகரத்துக்குத் தப்பி வந்து ஓர் உணவகத்தில் உட்காருகிறார்கள். அவன் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு கழிவறைக்குப் போய், கண்ணாடி முன்னால் நின்று கத்தியைக் கண்ணருகே கொண்டுபோகிறான். அவள் மேஜையில் காத்திருக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

குத்திக்கொண்டானா இல்லையா என்று ஆளாளுக்கு வாதாடுகிறார்கள். குத்திக்கொண்டால் அது காதலின் உச்சம் என்பது ஒரு தரப்பு. குத்திக்கொள்ளாமல் ஓடிவிட்டான், கடைசியில் லாப்ஸ்டராக ஆகியிருப்பான் என்பது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டைவிடவும் முக்கியமாகப் படுவது, அவன் அந்தக் கண்ணாடி முன்னால் போய் நின்றதே. ஹோட்டலை விட்டு வெளியே வந்துவிட்டான், காட்டையும் விட்டு வந்துவிட்டான். சட்டம் சொல்லிக்கொடுத்த 'ஒத்த குறை இருந்தால்தான் ஜோடி' என்ற எண்ணத்தை மட்டும் விட முடியவில்லை. அவள் குருடாக இருக்கும்போது தான் பார்வையோடு அவளை நேசிக்கலாம் என்ற வழி அவன் மனதில் எழவே இல்லை, அவள் மனதிலும் எழவில்லை. பாதி நம்பிக்கையும் பாதி சித்திரவதையுமாக அந்த ஷாட் அவ்வளவு நேரம் நீள்வது அதனால்தான். அவன் என்ன செய்தான் என்று காட்டியிருந்தால் நாம் அவனைத் தியாகி என்றோ கோழை என்றோ சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம்.

இதே இயக்குநரின் வேறு படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் 'தி ஃபேவரிட்' (2018) உங்களுக்கு ஒத்துவரலாம். அதில் நடிப்பு உயிர்ப்போடு இருக்கும், வன்மமும் தனிமையும் அதே அளவு உண்டு. இதையே மறுபடி பார்ப்பதாக இருந்தால், நாய் காட்சியைத் தயங்காமல் ஓட்டிவிடுங்கள், கதை கெடாது. ஆரம்பத்தில் ஒரு பெண் காரை நிறுத்தி இறங்கி வயலில் நிற்கும் கழுதையைச் சுடும் காட்சியை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். முதல் தடவை அது எதற்கென்றே தெரியாமல் கடந்திருப்பீர்கள். விலங்குகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்தக் கழுதை யாராக இருந்திருக்கும் என்ற கேள்வி உங்களுக்கே வரும். படம் அதற்குப் பதில் சொல்வதில்லை.